சாத்தானுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாத்தானோடு ஒப்பந்தம் போடும் கதைகள் என்றால் எனக்கு உயிர். யாரிடமாவது இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். முடிவுகளை மறைக்காமல்தான் பேசப்போகிறேன். முடிவு தெரிந்தாலும் சுவை குறையாத கதைகள் இவை.

இது என்ன வகைக் கதை? பேய்க் கதை மாதிரி பயமா இருக்குமா?

ஒருவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும். அறிவு, பணம், புகழ், காதல், கூடுதல் ஆயுள், எதுவாகவும் இருக்கலாம். நேர்வழியில் அது கிடைக்காது, அல்லது காத்திருக்கப் பொறுமை இல்லை. சாத்தான் வருகிறான். கேட்டதைத் தருகிறேன், கெடு முடிந்ததும் உன் ஆன்மா எனக்கு என்கிறான். பத்திரம் எழுதியாகிறது. அப்புறம் நடப்பதுதான் கதை.

பயம் கொஞ்சம்தான். பேய்க் கதையில் பேய் கூப்பிடாமல் வந்து நிற்கும். இங்கே பெரும்பாலும் ஆளே தேடிப்போய்க் கூப்பிடுகிறான், பேரம் பேசுகிறான், நிபந்தனைகளைக் கேட்கிறான், கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான். அந்தப் பேரக் காட்சிக்காகவே நான் படிக்கிறேன். நல்ல எழுத்தாளர் கையில் சாத்தான் பொய் சொல்லி ஏமாற்றுவது அபூர்வம். எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறான். கேட்பவன்தான் தனக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறான்.

ஃபாஸ்ட்னு ஒருத்தர் நிஜமாவே இருந்தாரா?

இருந்தார். சாத்தானுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் கதைகள் அதிகம் பேசும் பெயர் ஃபாஸ்ட். பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியில் ஊர் ஊராகச் சுற்றிய ஜோசியர், மந்திரவாதி. 1507-இல் ட்ரிதேமியுஸ் என்ற மடாதிபதி எழுதிய கடிதம் ஒன்றில் அவரைப் புரட்டுக்காரர் என்று வறுத்தெடுத்திருக்கிறார். இயேசு செய்த அற்புதங்களை நானும் செய்வேன், நினைத்த நேரத்தில் செய்வேன் என்று அந்த ஆள் பீற்றிக்கொண்டாராம். 1520-இல் பாம்பெர்க் ஆயர் ஜாதகம் கணித்ததற்காக அவருக்கு 10 குல்டன் காசு கொடுத்தது கணக்கில் இருக்கிறது. 1528-இல் இங்கோல்ஷ்டாட் நகரம் அவரை வெளியே போகச் சொன்னது. மடாதிபதி திட்டுகிறார், ஆயர் காசு கொடுத்து ஜாதகம் பார்க்கிறார்! ஒரு மனிதரைச் சுற்றிக் கதை முளைக்க இதைவிட நல்ல மண் கிடைக்காது.

பிறந்த ஊர் என்று க்னிட்லிங்கன் உரிமை கொண்டாடுகிறது, அங்கே ஃபாஸ்ட் அருங்காட்சியகமே உண்டு. இறந்த இடம் என்று ஷ்டாவ்ஃபன் ஊரிலுள்ள ஒரு பழைய விடுதியைக் காட்டுவார்கள். சாத்தான் வந்து கழுத்தை முறித்துப் போட்டான் என்பது அந்த ஊர்ப் பேச்சு. இந்த வதந்திகளை எல்லாம் திரட்டி 1587-இல் ஃபிராங்ஃபர்ட்டில் யோஹான் ஷ்பீஸ் என்ற அச்சகர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எழுதியவர் பெயர் இல்லை. 24 வருடக் கெடு, ரத்தத்தில் எழுதிய பத்திரம், மெஃபிஸ்டோ என்று நாம் சுருக்கிக் கூப்பிடும், சாத்தான் அனுப்பும் ஏவலாள் எல்லாம் அதிலேயே வந்துவிட்டன.

அப்ப இந்த மாதிரிக் கதையே ஃபாஸ்ட்லதான் ஆரம்பிச்சதா?

இல்லை, ஆயிரம் வருடம் பழையது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் தியோஃபிலஸ் என்ற திருச்சபை அலுவலரின் கதை உண்டு. ஊர் அதானா, இன்றைய துருக்கியில் இருக்கிறது. ஆயர் பதவி தேடி வந்தபோது பணிவோடு வேண்டாம் என்றார். பதவிக்கு வந்த புது ஆயர் அவரிடம் இருந்த வேலையையும் பறித்துவிட்டார். அந்த ஆத்திரத்தில் தியோஃபிலஸ் சாத்தானுக்கு எழுதிக் கொடுத்து வேலையைத் திரும்ப வாங்கினார். பிறகு மனம் உடைந்து நோன்பிருந்து அழ, மேரி மாதா அந்தப் பத்திரத்தையே மீட்டு வந்து தந்தார்.

பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் வடக்கு வாசலுக்கு மேலே இந்தக் கதை சிற்பமாக இருக்கிறது. அதில் சாத்தானும் தியோஃபிலஸும் ஒப்பந்தத்தோடு நிற்பதைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குக்கூட பத்திரம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எதுல ஆரம்பிக்கலாம்? கதேயின் புத்தகத்தைப் பார்த்தாலே மலைப்பா இருக்கு.

ஃபாஸ்டை இரண்டு பாக நாடகமாக எழுதிய ஜெர்மன் கவிஞர் கதேயில் ஆரம்பிக்க வேண்டாம். ஸ்டீவன்சன் 1891-இல் வெளியிட்ட 'பாட்டில் இம்ப்' கதையில் ஆரம்பியுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஹவாயில் நடக்கும் கதை. ஸ்டீவன்சன் சமோவாவில் குடியேறியிருந்த காலத்தில் சமோவ மொழியிலும் வெளிவந்தது. அங்கே அவருக்கு 'துசிதாலா', அதாவது கதை எழுதுபவர், என்று பெயர்.

அடுத்து வாஷிங்டன் இர்விங்கின் 'டெவில் அண்ட் டாம் வாக்கர்', 1824-இல் வந்தது. பாஸ்டன் பக்கத்துச் சதுப்பு நிலக் காட்டில் டாம் ஒரு மரத்தைப் பார்க்கிறான். வெளியே பச்சைப் பசேலென்று நிற்கிறது, உள்ளே உளுத்துப் போயிருக்கிறது, பட்டையில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் பெயர் செதுக்கியிருக்கிறது. சுற்றிலும் இப்படிப் பல மரங்கள். வெட்டிச் சாய்த்த ஒரு மரத்தில் இருந்த பெயருக்குரிய பணக்காரர் இறந்துவிட்டதாக வீட்டுக்கு வந்ததும் தெரிகிறது. வட்டிக்கடை வைக்கச் சொல்லும் சாத்தான் மாதம் 2 சதவீதம் வாங்கு என்கிறான், டாம் நான் 4 வாங்குகிறேன் என்கிறான். அந்த ஒரு வரியில் டாம் யார் என்பது முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

இவை பிடித்துப் போனால் மார்லோவுக்குப் போங்கள், கடைசியில் கதே.

மார்லோ, கதே ரெண்டு பேரும் எழுதினது ஒரே கதைதானே? ஏன் ரெண்டையும் படிக்கணும்?

ஆள் ஒன்று, கதை வேறு. கிறிஸ்டோபர் மார்லோ இங்கிலாந்தில் 1590-ஐ ஒட்டி நாடகமாக எழுதினார், அதில் ஃபாஸ்டின் பெயர் ஃபாஸ்டஸ். மேலே சொன்ன ஜெர்மன் புத்தகத்தின் ஆங்கில வடிவம்தான் அவருக்கு மூலம். 1593-இல் டெப்ட்ஃபோர்டில் கத்திக்குத்தில் இறந்தபோது அவருக்கு வயது 29. நாடகம் அச்சானது 1604-இல், வேறொரு நீண்ட வடிவம் 1616-இல். மார்லோவில் நடப்பது ஒப்பந்தம். கெடு 24 வருடம், முடிந்ததும் நரகம், தப்பிக்க வழி கிடையாது.

கதே சிறுவயதில் பொம்மலாட்டமாகப் பார்த்த கதை இது. ஏறத்தாழ அறுபது வருடம் விடாமல் அதோடு கிடந்தார். முதல் பாகம் 1808-இல் வந்தது. இரண்டாம் பாகத்தை 1831-இல் முடித்து முத்திரை வைத்து மூடிவிட்டார், 1832-இல் அவர் இறந்த பிறகே அச்சேறியது. அவர் செய்த பெரிய மாற்றம், ஒப்பந்தத்தைப் பந்தயமாக்கியது. வருடக் கணக்கே கிடையாது. 'நில், நீ எவ்வளவு அழகு' என்று ஒரு கணத்தைப் பார்த்து நான் சொல்லிவிட்டால் அன்றைக்கே என்னை எடுத்துக்கொள் என்கிறான் ஃபாஸ்ட். எதிலும் திருப்தி வராது என்ற திமிரில் போட்ட பந்தயம் அது.

இன்னொன்று, கதே கொண்டுவந்த கிரெட்சன். ஃபாஸ்டின் ஆசையால் தாயையும் அண்ணனையும் குழந்தையையும் இழந்து சிறையில் கிடக்கும் பெண். 1772-இல் ஃபிராங்ஃபர்ட்டில் சிசுக்கொலைக்காக சுசன்னா மார்கரெத்தா பிராண்ட் என்ற பணிப்பெண்ணின் தலையை வெட்டினார்கள். கதே அந்த ஊர்க்காரர், அப்போது இளம் வக்கீல். சிறைக் காட்சியைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஃபிஸ்டோ வில்லன்தானே? ஏன் எல்லாருக்கும் அவனைத்தான் பிடிக்குது?

மார்லோவின் மெஃபிஸ்டோவிடம், நரகத்தில் அடைபட்டவன் எப்படி வெளியே நிற்கிறாய் என்று ஃபாஸ்டஸ் கேட்கிறான். இதுதான் நரகம், நான் அதைவிட்டு வெளியே வரவே இல்லை என்கிறான் மெஃபிஸ்டோ. கடவுளின் முகத்தைப் பார்த்தவன் அதை இழந்தபின் எங்கே இருந்தாலும் நரகம்தான் என்று சொல்லி, இந்த அற்பக் கேள்விகளை விட்டுவிடு என்று கெஞ்சவும் செய்கிறான். வியாபாரம் பேச வந்தவனே வேண்டாம் என்கிறான்! ஃபாஸ்டஸ் அவனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பி வைக்கிறான். முதல் பதிலில் சொன்னேனே, சாத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான் என்று, அதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

கதேயின் மெஃபிஸ்டோ வேறு ரகம், வாய்ச்சாலகன். கறுப்பு நாயாக வீட்டுக்குள் வந்தவன் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்கிறான். வாசற்படியில் ஐந்து முனை நட்சத்திரம் வரைந்திருக்கிறது. வெளிப்பக்க முனை சரியாக மூடாததால் உள்ளே வர முடிந்தது, உள்பக்கம் மூடியிருப்பதால் போக முடியவில்லை. ஜன்னல் வழியாகப் போயேன் என்றால், வந்த வழியாகத்தான் போகவேண்டும், அது எங்கள் சட்டம் என்கிறான். உங்களுக்கும் சட்டம் உண்டா, அப்படியானால் உங்களோடு ஒப்பந்தமே போடலாமே என்று ஃபாஸ்டுக்கு அங்கேதான் பொறி தட்டுகிறது. கடைசியில் ஒரு எலியைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் கடிக்கவைத்துத் தப்பிக்கிறான். இந்தப் பக்கங்களை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ரத்தத்துலதான் கையெழுத்துப் போடணுமா?

ஃபாஸ்ட் கதைகளில் ஆம். மார்லோவில் ஃபாஸ்டஸ் கையைக் கீறி எழுத ஆரம்பிக்கிறான், ரத்தம் உறைந்து எழுத்து நின்றுபோகிறது. மெஃபிஸ்டோ தணல் கொண்டுவந்து உருக்கித் தருகிறான். எழுதி முடித்தால் கையிலேயே 'மனிதா, ஓடு' என்று லத்தீனில் எழுத்துகள் தெரிகின்றன. உடம்பே தடுக்கிறது, அவன் கேட்கவில்லை. கதேயில் ஃபாஸ்ட் எழுத்து எதற்கு, என் வாக்கு போதாதா என்று கோபப்படுகிறான். ரத்தம் தனி வகையான திரவம் என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொள்கிறான் மெஃபிஸ்டோ. ஸ்டீவன்சனில் ரத்தமும் இல்லை பத்திரமும் இல்லை, காசு கைமாறினால் ஒப்பந்தம் முடிந்தது.

24 வருஷத்துல ஃபாஸ்டஸ் உருப்படியா ஒண்ணுமே செய்யலையே? அதுக்கா ஆன்மாவைக் கொடுத்தான்?

நாடகத்தின் உயிரே இதில் இருக்கிறது என்பேன். ஆரம்பத்தில் ஜெர்மனியைச் சுற்றிப் பித்தளை மதில் எழுப்புவேன், ரைன் நதியைத் திருப்பிவிடுவேன் என்று கனவு காண்கிறான். கையெழுத்துப் போட்ட பிறகு போப்பாண்டவரின் தட்டைப் பிடுங்குகிறான், குதிரை வியாபாரியை ஏமாற்றுகிறான், கர்ப்பிணிச் சீமாட்டி ஒருத்திக்குக் குளிர்காலத்தில் திராட்சைக் குலை வரவழைத்துக் கொடுக்கிறான். உலகம் எப்படி உண்டானது, யார் படைத்தார்கள் என்று கேட்டால் மெஃபிஸ்டோ அதற்கு மட்டும் பதில் சொல்ல மறுக்கிறான். அறிவுக்காகப் போட்ட ஒப்பந்தத்தில் முக்கியமான அறிவு சேர்த்தியில்லை.

நடுவில் வரும் கோமாளிக் காட்சிகள் மார்லோ எழுதியதே இல்லை என்று சிலர் ஒதுக்குவார்கள். யார் எழுதியிருந்தாலும் அவை இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. மதிலில் ஆரம்பித்துத் திராட்சையில் முடியும் அந்தச் சரிவைப் பார்த்த பிறகுதான் கடைசி ஒரு மணி நேரம் நெஞ்சை அடைக்கும். கடிகாரம் பதினொன்று அடிக்கிறது. இரவின் குதிரைகளே மெல்ல ஓடுங்கள் என்று, காதலன் விடியல் வேண்டாமென்று பாடிய ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் வரியை, ஃபாஸ்டஸ் உயிர்ப்பயத்தில் சொல்கிறான். படித்தவனுக்கு அந்த நேரத்திலும் படித்த வரிதான் வாயில் வருகிறது.

கடைசியில சாத்தான்தான் எப்பவும் ஜெயிக்குமா?

இல்லவே இல்லை. தியோஃபிலஸ் தப்பியதை மேலே பார்த்தோம். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் சாத்தான் பாவம், வாடிக்கையாக ஏமாறுகிறான். சுவிட்சர்லாந்தின் ஷோலெனன் பள்ளத்தாக்கில் பாலம் கட்டிக் கொடுத்துவிட்டு, முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்று காத்திருந்தவனிடம் ஊர்க்காரர்கள் ஒரு ஆட்டை ஓட்டிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வெற்றி 1936-இல் ஸ்டீவன் வின்சென்ட் பெனே எழுதிய 'டெவில் அண்ட் டேனியல் வெப்ஸ்டர்'. நியூ ஹாம்ப்ஷயர் விவசாயி ஒருவர் மாட்டிக்கொள்ள, நிஜமாக வாழ்ந்த அரசியல்வாதியும் வழக்கறிஞருமான வெப்ஸ்டர் அவருக்காக வாதாடுகிறார். இந்தக் குடிமகனை அந்நியன் பிடித்துப்போக முடியாது என்று வெப்ஸ்டர் சொல்ல, என்னையா அந்நியன் என்கிறீர்கள், முதல் செவ்விந்தியனுக்கு அநியாயம் நடந்தபோது நான் இங்கே இருந்தேன், அடிமைகளை ஏற்றப் புறப்பட்ட முதல் கப்பலின் தளத்தில் நின்றேன் என்கிறான் சாத்தான். வெப்ஸ்டரால் அதை மறுக்க முடியவில்லை. வழக்கில் ஜெயிக்கிறார், ஆனால் அந்த வரி அப்படியே நிற்கிறது.

'பாட்டில் இம்ப்' கணக்கு உதைக்குதே. கடைசி விலைக்கு வாங்கறவன் மாட்டிக்குவான்னா, அதுக்கு முந்தின விலைக்கு யாரு வாங்குவா?

அருமையான கேள்வி. முதலில் விதிகள். குப்பிக்குள் இருக்கும் பூதம் கேட்டதைத் தரும், ஆயுளை மட்டும் நீட்டாது. குப்பி கையில் இருக்கும்போது செத்தால் நரகம். விற்கலாம், ஆனால் வாங்கிய விலையைவிடக் குறைத்து, நாணயமாகக் காசு வாங்கித்தான் விற்கவேண்டும். அப்படியானால் ஒரு சென்ட்டுக்கு வாங்கியவனால் விற்கவே முடியாது. அது தெரிந்தவன் இரண்டு சென்ட்டுக்கு வாங்கமாட்டான், அது தெரிந்தவன் மூன்றுக்கு வாங்கமாட்டான். இப்படியே ஏறிப்போனால் எந்த விலைக்கும் எவனும் வாங்கக்கூடாது. தர்க்க அறிஞர்கள் இதை ஒரு புதிராகவே எடுத்துப் பேசுகிறார்கள்.

கதை மூன்று இடத்தில் அந்தக் கணக்கை உடைக்கிறது. நாயகன் கேயாவே தொழுநோய் நீங்கி கொகுவாவை மணக்கவேண்டும் என்பதற்காக, நரகம் என்று தெரிந்தே ஒரு சென்ட்டுக்கு வாங்குகிறான். கொகுவா, பிரெஞ்சு ஆட்சியிலுள்ள டஹிட்டியில் ஒரு சென்ட்டுக்கு ஐந்து சாண்டீம் உண்டே என்று யோசித்து அங்கே கூட்டிப்போகிறாள். கடைசியில் ஒரு குடிகாரக் கப்பல்காரன், எப்படியும் நான் நரகத்துக்குத்தான் போகிறேன், குப்பி என்னிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்கிறான். காதல், நாணய மாற்று, எதற்கும் துணிந்த ஒருவன். கணக்கில் வராத மூன்று.

ஆன்மாவுக்குப் பதிலா நிழலைக் கொடுத்தா தப்பிச்சுக்கலாமா?

ஜெர்மன் எழுத்தாளர் ஷமிஸோவின், 1814-இல் வெளிவந்த 'பேட்டர் ஷ்லெமீல்' இந்தக் கேள்விதான். சாம்பல் கோட்டு போட்ட ஒடுங்கிய மனிதர் ஒருவர், தன் சட்டைப் பையிலிருந்து தொலைநோக்கி, கம்பளம், கூடாரம், பிறகு சேணம் பூட்டிய மூன்று குதிரைகள் என்று எடுத்துக்கொண்டே இருக்கிறார். விருந்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர் ஷ்லெமீலின் நிழலைப் புல்லிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, என்றும் காலியாகாத பணப்பையைக் கொடுக்கிறார்.

நிழல் போனதும் தெருவில் நடக்க முடியவில்லை, கல்யாணம் நின்றுபோகிறது. ஒரு வருடம் கழித்து அவர் வந்து, ஆன்மாவை எழுதிக் கொடு, நிழலைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். நிழல் வெறும் முன்பணம், கண் இருந்தது ஆன்மாவின் மேல். ஷ்லெமீல் பணப்பையைப் பாதாளத்தில் எறிந்துவிட்டு, நிழல் இல்லாமலே, தாவரங்களை ஆராய்ந்து உலகம் சுற்றுகிறான். எழுதிய ஷமிஸோவும் அடுத்த வருடமே ரஷ்யக் கப்பலில் இயற்கை ஆய்வாளராக உலகம் சுற்றக் கிளம்பினார்.

சாத்தானே வராத கதையையும் இதுல சேர்க்கலாமா? டோரியன் கிரே மாதிரி?

நான் சேர்ப்பேன். ஆஸ்கர் வைல்டின் டோரியன், என்னை வரைந்த இந்தப் படம் கிழடாகட்டும், நான் இளமையாக இருக்கிறேன், அதற்கு ஆன்மாவையே தருவேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான். யாரோ கேட்டுவிட்டார்கள். தாமஸ் மானின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' 1947-இல் வந்தது. அதில் இசையமைப்பாளன் லேவர்கூனிடம் சாத்தான் நீண்ட நேரம் பேசுகிறான். நிஜமா, நோய் முற்றிய மூளையின் தோற்றமா என்பதைக் கடைசிவரை தீர்மானிக்க முடியாது. 24 வருடம் மேதையாக இருக்கலாம், யாரையும் நேசிக்கக்கூடாது என்பது நிபந்தனை. அவன் பிரியம் வைத்த குழந்தை சாகும் பகுதியைப் படிக்கத் திடமான மனம் வேண்டும்.

புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்'?

கட்டாயம். ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவ் இந்த நாவலை 1928 முதல் 1940-இல் சாகும்வரை எழுதினார். வெளிவந்தது 1966-67-இல், அதுவும் தணிக்கை வெட்டுகளோடு. முகப்பிலேயே கதேயின் மெஃபிஸ்டோ பேசும் வரிகள் இருக்கும். மாஸ்கோவுக்கு வரும் சாத்தானுக்கு இதில் வோலந்து என்று பெயர், அவனுடைய விருந்தில் மார்கரீட்டா ராணியாக நிற்கிறாள். பதிலுக்கு ஒன்று கேட்கலாம் என்றதும் தன் காதலனைக் கேட்கவேண்டியவள், விருந்தில் பார்த்த ஃப்ரீடாவுக்காகக் கேட்கிறாள். ஃப்ரீடா கைக்குட்டையால் தன் சிசுவைக் கொன்றவள். ஒவ்வொரு விடியலிலும் அந்தக் கைக்குட்டையை அவள் முன்னால் வைக்கிறார்கள். கிரெட்சனை நினைத்துக்கொண்டு இந்த இடத்தைப் படியுங்கள்.

நம்ம புராணத்துல வர்ற வரம் கதைகளும் இதேதானே?

ஓட்டை தேடும் சாமர்த்தியம் ஒன்று. வீட்டிலும் வேண்டாம் வெளியிலும் வேண்டாம், பகலிலும் வேண்டாம் இரவிலும் வேண்டாம் என்று இரணியன் கேட்டு வாங்கியது வக்கீல் எழுதிய பத்திரம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவன் தவம் செய்து விலையை முன்னாலேயே கட்டிவிட்டான், கொடுத்தவரும் கடவுள். ஃபாஸ்ட் வகையில் விலை கடைசியில் வருகிறது. அந்தக் கெடுதான் கதையை நடத்துகிறது.

கதேயின் ஃபாஸ்ட் பந்தயத்துல தோத்தானா, ஜெயிச்சானா? அந்த வார்த்தையைச் சொல்லிட்டானே!

ரசிகர்கள் கூடினால் விடியும்வரை சண்டை போடும் கேள்வி இது. இரண்டாம் பாக முடிவில் ஃபாஸ்டுக்கு நூறு வயது, கண் தெரியவில்லை. கடலை ஒதுக்கி மீட்ட நிலத்தில் தன் ஆட்கள் கால்வாய் வெட்டுவதாக நினைத்து மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டு மகிழ்கிறான். வெட்டப்படுவது அவனுடைய குழி. சுதந்திரமான மண்ணில் சுதந்திரமான மக்களோடு நிற்க முடிந்தால், அந்தக் கணத்திடம் 'நில், நீ எவ்வளவு அழகு' என்று சொல்லலாம் என்கிறான். சொன்னதும் விழுந்து சாகிறான். வார்த்தை வந்துவிட்டது, ஆனால் 'முடிந்தால்' என்ற நிபந்தனையோடு, வராத ஒரு கணத்தைப் பற்றி. மெஃபிஸ்டோ பத்திரத்தை நீட்டுகிறான், வானவர்கள் ரோஜாக்களைத் தூவுகிறார்கள், அவன் அவர்களின் அழகில் வாய்பிளந்து நிற்கும்போது ஆன்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஓயாமல் முயல்பவனை நாங்கள் மீட்க முடியும் என்பது அவர்கள் பக்க நியாயம்.

எழுத்துப்படி ஃபாஸ்ட் தோற்கவில்லை என்பது என் கட்சி. ஆனால் அவன் மீட்கப்பட்டது எனக்கு முழுதாகச் சம்மதமில்லை. சாவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், பார்வைக்குத் தடையாக இருந்த லிண்டன் மரங்களுக்கு ஆசைப்பட்டு ஃபிலெமோன், பௌகிஸ் என்ற வயதான தம்பதியை அவன் வெளியேற்றச் சொன்னான். மெஃபிஸ்டோவும் ஆட்களும் போய் மிரட்டியதில் இருவரும் பயத்திலேயே செத்தார்கள், குடிசையும் எரிந்துபோனது. மேலுலகில் அவனுக்காகக் கிரெட்சன் வந்து கெஞ்சுகிறாள். அவளுக்கு மன்னிக்க உரிமை உண்டு. அந்தக் கிழவருக்கும் கிழவிக்கும் அங்கே ஒரு வரிகூடக் கொடுக்காமல் விட்டுவிட்டாரே என்று கதேயோடு எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது.